இன்னொரு தடவை

பாளையங்கோட்டையிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். "பிள்ளைக்கு மார்க் வந்துவிட்டதாமே, எவ்வளவு?"

"161, அண்ணா."

"எத்தனைக்கு?"

"180க்கு."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. மனக்கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். "தொண்ணூறு சதவீதத்துக்கு ஒரு நூல்தான் குறைவு. இதற்கா பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள்?"

அவரிடம் நான் விளக்கப் போகவில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வின் அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 120இல் தொடங்குகிறது. எல்லாக் கேள்விக்கும் தப்பாகவே விடை குறித்தாலும் 120 கைக்கு வந்துவிடும். ஆக இருப்பது அறுபது படிகள். என் மகள் நாற்பத்தொன்றாவது படியில் நிற்கிறாள். அவள் ஏற நினைத்தது நாற்பத்தைந்தாவது படி. அந்த நான்கு படிக்காக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று வாரம் வேறு பேச்சே இல்லை.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ரெசர்வார் ஹில்ஸ் பகுதியில் இருக்கிறோம். கணவருக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கு வேலை. வந்தபோது மகளுக்கு நான்கு வயது. நான் சனிக்கிழமைகளில் சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், எள்ளுப்பேரப் பிள்ளைகள் அவர்கள். ஆயா, தாத்தா, பூசை, காவடி என்று சில சொற்கள் வீட்டிலிருந்து வரும். மீதியை நாங்கள் 'அ'விலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த வகுப்பில் வருடத்துக்கு ஒருமுறை பாலசுந்தரத்தின் கதையைச் சொல்வேன். 1894. ஒப்பந்தக் கூலியாக இருந்த தமிழர். முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் வக்கீலாகப் பதிவாகியிருந்த காந்தியிடம் வந்து நின்றவர். காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகுதான் மாஜிஸ்திரேட்டிடம் போனார். பிள்ளைகள் பற்களைப் பற்றிக் கேட்பார்கள், முதலாளிக்கு ஜெயில் கிடைத்ததா என்று கேட்பார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் பதினொரு வயதில் கேட்டது: "டாக்டர் அந்தத் தாளைக் கொடுக்காவிட்டால்?" அவள் எங்கே போய்ச் சேரப் போகிறாள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கா எதற்கு என்றால் அவள் சொல்லும் காரணம் ஒன்று, எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று. அவள் சொல்வது அகதிகள் சட்டம். எனக்குத் தெரிந்தது நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகள். அது போகட்டும்.

தேர்வு நவம்பரில், ஒரு மாலை நேரம், வீட்டிலிருந்தே எழுதும் ஏற்பாடு. அவள் அறையை ஒழித்துத் துடைத்தோம். சுவர் காலண்டரைக் கழற்றினோம், புத்தக அலமாரிக்குப் போர்வை போர்த்தினோம். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமராவைத் தூக்கிக் கூரை, கட்டிலடி, மேசையடி எல்லாம் காட்டச் சொன்னாராம். காதையும் காட்டச் சொன்னதால் ஜிமிக்கியைக் கழற்றி வைத்தாள். மின்சாரம் போனால் இணையம் அறுந்துவிடக் கூடாது என்று ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் மாட்டியிருந்தோம். இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குக்கர் விசில் கேட்கக் கூடாது என்று நான் அன்று சாதத்தை வடித்தேன். கணவர் மோட்டார் சத்தம் வராமல் காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

மின்சாரம் போகவில்லை. ஹடீடா வந்தது.

ஹடீடா இந்த ஊர் அரிவாள் மூக்கன். சாம்பல் உடம்பு, இறக்கையில் பச்சை மினுமினுப்பு, வளைந்து நீண்ட அலகு. வாயைத் திறக்காதவரை அழகான பறவைதான். பொழுது சாயும் வேளையில் நாலைந்தாகச் சேர்ந்து கூரைக்கு மேலே பறந்து அலறும்போது யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்றுதான் புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். தேர்வில் நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 35 நிமிடம். இரண்டாவது முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை. மூன்றாவது பகுதியின் நடுவில் கூரையில் கச்சேரி தொடங்கியது. திரையில் கண்காணிப்பாளரின் வரி வந்து விழுந்தது: அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? இவள் "பறவை" என்று தட்டினாள். என்ன பறவை என்று கேட்டாராம். மறுபடியும் கேமராவைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டியாயிற்று. கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்ததால் ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. ஆனால் படித்துக்கொண்டிருந்த பத்தி நெஞ்சில் நிற்கவில்லை என்றாள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நான்கு பகுதிகளில் ஒன்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது; வருங்காலத் தேர்வுகளுக்காகக் கேள்விகளை வெள்ளோட்டம் பார்க்க வைப்பது அது. எது அந்தப் பகுதி என்பதை எழுதுபவரிடம் சொல்ல மாட்டார்கள். ஹடீடா கெடுத்தது மதிப்பெண் உள்ள பகுதியா, வெள்ளோட்டப் பகுதியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

முடிவு வந்தபோது ஓர் எண் மட்டும்தான் வந்தது. அவள் எழுதிய தேர்வின் கேள்வித்தாளை வெளியிடவில்லை. எந்தக் கேள்வி தப்பு என்று பார்க்க வழியில்லை. 161 என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில் 158 முதல் 164 வரை என்று ஒரு வரம்பு போட்டிருந்தார்கள். ஒரே ஆள் ஒரே திறமையோடு வெவ்வேறு நாளில் எழுதினாலும் எண் இப்படி மேலும் கீழும் ஆடும் என்று தேர்வு நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்வது இது. எனக்கு இந்த நேர்மை பிடித்திருந்தது. நம் ஊரில் அரை மார்க்கில் மருத்துவக் கல்லூரி போன பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வரம்பை யாரும் அச்சடித்துக் கொடுத்ததில்லை.

கணவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். கணக்கு எழுதுகிறவருக்குக் கோடு போட்டால்தான் யோசனை வரும். தேர்வுக்கு முன் அவள் கடைசியாக எழுதிப் பார்த்த ஐந்து பழைய தாள்கள்: 163, 166, 165, 164, 167. சராசரி 165. "வரம்புக்கு வெளியே ஒரு மதிப்பெண் தள்ளி நிற்கிறது. ஆகவே நடந்தது கொஞ்சம் துரதிர்ஷ்டம், கொஞ்சம் வேறு ஏதோ. அந்த வேறு என்ன என்று கண்டுபிடித்தால் மறுபடி எழுது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் நாம் கட்டுகிற பணம் லாட்டரி டிக்கெட்." கட்டணம் அப்போது ஏறத்தாழ 240 டாலர், ராண்டில் நாலாயிரத்துக்கு மேல் வந்தது.

நான்கு மதிப்பெண்ணுக்கு இத்தனை பாடா என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு அவள் காட்டினாள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தாம் சேர்த்தவர்களின் மதிப்பெண்ணை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: நடுப்புள்ளி எது, கீழ்க் கால்பங்கு எங்கே முடிகிறது, மேல் கால்பங்கு எங்கே தொடங்குகிறது என்று. அவள் குறி வைத்த கல்லூரியில் நடுப்புள்ளி 164, கீழ்க் கால்பங்கின் எல்லை 160. தரவரிசைப் பட்டியலில் அந்த நடுப்புள்ளிக்கு எடை உண்டு என்பதால் கல்லூரிகள் அதைக் கோயில் நகை மாதிரி காக்கின்றன. உள்ளூர் மாணவருக்கு எல்சாட் குறைந்தாலும் பட்டப்படிப்பு மதிப்பெண் தூக்கிவிடும், ஏனென்றால் அதற்கும் தனியாக ஒரு நடுப்புள்ளிக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டில் பட்டம் வாங்கியவர்களின் மதிப்பெண்ணோ அந்தக் கணக்கிலேயே சேராது. 'மிக நன்று' என்பது போல ஒரு சொல்லாக மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். டர்பனில் மூன்று வருடம் கண்விழித்து இவள் வாங்கிய முதல் வகுப்பு அங்கே ஒரு சொல். எண்ணாகப் போய்ச் சேருவது 161 மட்டும்தான். உதவித்தொகையும் பெரும்பாலும் அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

மறுபடி எழுதினால் குறைந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்தது. எழுதிய எல்லா மதிப்பெண்ணும் கல்லூரியின் கண்ணில் படும், ஆனால் அவர்கள் வெளியிடும் கணக்கில் சேருவது உச்ச மதிப்பெண்தான். தனியாகக் கொஞ்சம் பணம் கட்டினால் எண்ணைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று ரத்து செய்யவும் வசதி இருக்கிறது. ரத்து செய்த விவரம் மட்டும் பதிவில் நிற்கும், எழுதிய எண்ணிக்கையிலும் சேரும். ஐந்தாண்டுக் காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை என்பது உச்சவரம்பு.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் இந்த ஏழு கணக்கைச் சொன்னபோது அவருக்கு ஒரே நிம்மதி. "ஏழு தடவையா? அப்புறம் என்ன? என் பேரன் டிரைவிங் லைசென்சுக்கு நான்கு தடவை போனான்." இங்கே அந்தத் தேர்வுக்குக் கே53 என்று பெயர். வண்டி ஏற்றத்தில் ஓரங்குலம் பின்னால் உருண்டால்கூடத் தோல்வி. ஆயாவின் பேரன் நான்காம் முறை தேறி, மறு வாரமே கேட்டில் இடித்தான். அதை அவர் சொல்லவில்லை. இடித்தது எங்கள் கேட்.

என் பங்குக்கு நான் எடுத்தது நவநீதம் பிள்ளையின் கதையை. இதே டர்பனில் 1941இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். தந்தை பஸ் ஓட்டுநர். ஊரார் நன்கொடை திரட்டிப் படிக்க வைத்து, இங்கேயே நேட்டால் பல்கலைக்கழகத்தில் 1965இல் சட்டப் பட்டம் வாங்கி, 1967இல் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தவர். இருபத்தெட்டு வருடம் வாதாடியும் நிறவெறி ஆட்சியில் நீதிபதியின் அறைக்குள் அவரை விட்டதில்லை. ஹார்வர்டில் முதுகலைச் சட்டம் முடித்தது அதற்கெல்லாம் நடுவில், 1982இல். முதுகலைக்கு எல்சாட் கேட்பதில்லை. இங்கே இன்னும் இரண்டு மூன்று வருடம் எல்எல்பி, பிறகு ஒரு வக்கீலிடம் இரண்டு வருடப் பயிற்சி, நான்கு தாள் தகுதித் தேர்வு. அதற்குப் பிறகு அமெரிக்கா எங்கே ஓடிவிடப் போகிறது என்றேன்.

"அவருக்குத் திறந்திருந்தது அந்த ஒரு கதவுதான் அம்மா. எனக்கு இரண்டு இருக்கின்றன. இரண்டாவதைத் தட்டிப் பார்க்காமலே விடச் சொல்கிறாயா?" என்றாள். பதில் சொல்லத் தோன்றவில்லை. அவளைச் சட்டம் படிக்க வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது மட்டும் உறுதியாயிற்று.

டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் அவளுடைய தப்பு நோட்டைப் பார்த்தேன். பயிற்சித் தாள்களில் தவறிய கேள்விகளை எல்லாம் பகுத்து எழுதி வைக்கும் நீலநிற நோட்டு. முதல் முப்பது பக்கம் முழுக்கப் பெட்டிகளும் அம்புகளும்: ஏழு பேர், ஏழு நாற்காலி, கமலா ராஜுவுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டாள், மூன்றாவது நாற்காலி காலி என்றால் கடைசியில் யார் என்கிற புதிர்கள். அவளுக்கு அதுதான் மிகப் பிடித்த பகுதி. 2024 ஆகஸ்டிலிருந்து அதைத் தேர்விலிருந்தே எடுத்துவிட்டார்கள். பார்வையற்ற ஒருவர், படம் வரைந்து தீர்க்கும் புதிர்களை என்னால் எப்படித் தீர்க்க முடியும் என்று வழக்குத் தொடுத்து, அது 2019இல் சமரசத்தில் முடிந்ததன் விளைவு. ஒன்றரை வருட உழைப்பு போயிற்றே என்று நான் அங்கலாய்த்தபோது அவள் கோபப்பட்டாள். "சரியான வழக்கு அம்மா. நானே எடுத்து நடத்தியிருப்பேன்."

மீதிப் பக்கங்களில் வாதக் கேள்விகள். இப்போது மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு இவைதான். மூன்றாவது நெடும் பத்திகளைப் படித்து விடை சொல்வது. சின்ன வாதம் ஒன்று கொடுப்பார்கள், ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். எனக்குப் புரிவதற்காக அவள் ஒன்றைக் கட்டிச் சொன்னாள். எங்கள் தெருவில் மின்வேலி போட்ட வீடுகளில் திருட்டு குறைவு. ஆகவே மின்வேலி திருட்டைத் தடுக்கிறது. இதை எது வலுவிழக்கச் செய்யும்? மின்வேலிக்குச் செலவு அதிகம் என்பதா, மின்வேலி போட்டவர்கள் எல்லோரும் இரவுக் காவலாளும் வைத்திருக்கிறார்கள் என்பதா? இரண்டாவது என்றேன் உடனே. "சரியா?" என்றாள். யோசித்தேன். செலவு அதிகம் என்றால் பணக்காரர்தான் போடுவார்கள், பணக்கார வீட்டுக்குத் திருடன் கட்டாயம் வருவான், அப்படியானால்... முதலாவதோ என்று இழுத்தேன். அவள் சிரித்தாள். "பார்த்தாயா, நான் செய்வதும் இதேதான்."

நோட்டின் கடைசி நெடுவரிசையில் ஒரு குறி இருந்தது. முதலில் குறித்த விடையைக் கடைசி நிமிடங்களில் மாற்றிய இடங்களில் ஒரு சின்ன அம்புக்குறி. கணவரும் நானும் மேசையில் உட்கார்ந்து எண்ணினோம். ஐந்து தாளில் 31 அம்புகள். அதில் சரியை மாற்றித் தப்பாக்கியது 17. தப்பைச் சரியாக்கியது 6. மீதி எட்டு, தப்பிலிருந்து வேறொரு தப்புக்கு. பொதுவாக மாற்றுவது லாபம் என்று படித்திருக்கிறேன். இவள் கணக்கு நஷ்டக் கணக்கு. "நிகர நட்டம் பதினொன்று, தாளுக்கு இரண்டு கேள்விக்குக் கொஞ்சம் மேலே. ஒன்றிரண்டு மதிப்பெண் இங்கேயே போகிறது" என்றார் அவர். தேர்வன்று பறவை அலறிய பிறகு எத்தனை மாற்றினாய் என்று கேட்டோம். நாலைந்து இருக்கும் என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அப்போது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அவளுக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது வீட்டுப்பாட நோட்டை என்னிடம் நீட்டுவாள். நான் வாங்கிப் பார்ப்பதற்கு முன்பே கேட்பேன்: "இன்னொரு தடவை பார்த்தாயா?" பார்த்திருப்பாள். ஆனாலும் நான் கேட்டுவிட்டேன் என்பதற்காகத் திரும்பப் போய், சரியாக எழுதிய ஏதோ ஒன்றை அழித்து மாற்றிக்கொண்டு வருவாள். ஐந்தும் ஏழும் பன்னிரண்டு என்று எழுதியதை அழித்துப் பதின்மூன்று ஆக்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், கல்யாண வீடுகளில்கூட. 161 வந்த அன்று என் வாயிலிருந்து வந்த முதல் சொல்லும் "சரி, இன்னொரு தடவை எழுதிவிடு" என்பதுதான். அவளுக்கு மறுபடி எழுத விருப்பமா என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டேன். நான்கு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றாள். பன்னிரண்டு நாள் ஆயிற்று.

அவள் எடுத்த முடிவு இது. ஜனவரித் தேர்வு வேண்டாம். ஆறே வாரத்தில் பழக்கம் மாறாது. சேர்க்கை விண்ணப்பங்களை வரவர எடுத்துப் பார்க்கிற முறை அங்கே, இடமும் உதவித்தொகையும் முந்துகிறவர்களுக்கு. ஆகவே கடைசி வண்டியில் தொற்றுவதைவிட ஒரு வருடம் தள்ளி, செப்டம்பரில் திறக்கும்போதே விண்ணப்பிப்பது. அதற்கு நடுவில் ஏப்ரலில் எழுதலாமா என்பதை, இதுவரை தொடாத மூன்று பழைய தாள்களை எழுதிப் பார்த்துத் தீர்மானிப்பது. ஒரே ஒரு புது விதி: முதல் விடை ஏன் தப்பு என்று ஒரு வரியில் எழுத முடிந்தால் மட்டும் மாற்றலாம். எழுத வரவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

கணவர் இதோடு ஒன்று சேர்த்தார்: மூன்றும் 163க்குக் கீழே வந்தால் 161ஐ வைத்துக்கொண்டே விண்ணப்பம் போடுவது, அழுவதில்லை. அவள் ஒப்புக்கொண்டாள். அழுவதில்லை என்பதை மட்டும் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டாள்.

முதல் தாள் 162. அன்று வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்தது 167. மூன்றாவதை, வேண்டுமென்றே, மாலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினாள். ஹடீடாக்கள் தவறாமல் வந்தன. 166. மூன்று தாளிலும் சேர்த்து அம்புகள் ஒன்பது. அதில் ஆறு லாபம்.

பதிவு செய்த இரவு நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இம்முறை வீட்டில் வேண்டாம், தேர்வு மையத்துக்கே போய் எழுதுவது என்று பேசி முடிவு செய்திருந்தோம். பெயர், பாஸ்போர்ட் எண், நாள், நேரம் எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசிப் பொத்தான்மேல் அம்பை வைத்து ஒரு கணம் நின்றாள். என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் அழுத்தினாள். நான் சமையலறைக்குப் போய்த் தோசைக்கு மாவு கரைத்தேன், எனக்கு நானே ஒரு பதக்கம் குத்திக்கொண்டு.

காலையில் அவள் அறையிலிருந்து ஒரு கூச்சல். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்திருந்தது. தேர்வு எழுதும் இடம் என்ற கட்டத்தில் 'வீட்டிலிருந்து' என்று இருந்தது. போன முறை குறித்ததே அப்படியே நின்றதோ, மறதியோ, அந்தக் கட்டத்தை அவள் மாற்றவே இல்லை.

"நீ பின்னால்தானே நின்றுகொண்டிருந்தாய்? இன்னொரு தடவை பார் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கிறதாம்.